தௌஃபிக் கட்சி

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் ஷட்டில் கூட்டத்தில் இரண்டு கட்சி உண்டு. சீன பேட்மிண்டன் வீரர் லின் டானின் ரசிகர் கட்சிதான் பெரியது. தௌஃபிக் ஹிதாயத் கட்சியில் நானும் மளிகைக்கடை அண்ணனும் மட்டும்.

தௌஃபிக், பாண்டுங்கில் பிறந்த இந்தோனேசியர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம். மறு வருடம் அனாஹெய்மில், உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் அதே லின் டானை 15-3, 15-7 என்று வென்றார். இதைச் சொன்னால் எதிர்க்கட்சி ஷூ லேஸ் கட்டக் குனிந்துவிடும்.

எனக்குப் பதக்கங்களைவிட புறங்கையால் ஓங்கி அடிக்கும் அந்த பேக்ஹேண்ட் ஸ்மாஷ்தான் பெரிது. வலைக்கு முதுகு காட்டி நிற்கும்போது, எப்படியாவது அந்தப் பக்கம் தூக்கிவிட்டால் போதும் என்றுதான் நாமெல்லாம் நினைப்போம். அவரோ முழங்கையை உயர்த்தி, கடைசி நொடியில் பிடியை இறுக்கிச் சொடுக்குவார். இறகுப்பந்து செங்குத்தாக இறங்கும். அண்ணன் இதை முயன்றுவிட்டு ஒரு வாரம் தோளுக்குத் தைலம் தேய்த்தார். கட்சி விசுவாசம்!

பேட்மிண்டனின் பழம்பெரும் போட்டியான ஆல் இங்கிலாந்து பட்டம் மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1999, 2000 இரண்டு முறையும் இறுதியில் தோல்வி.

அப்புறம் 2013, ஜகார்த்தா. சொந்த மண்ணில் விடைபெற்ற இந்தோனேசிய ஓப்பனில், முதல் சுற்றிலேயே அவரைத் தோற்கடித்தவர் நம் சாய் பிரணீத். இந்தியா ஜெயித்து நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.