40பி-யிலிருந்து 36டி-க்கு: எனக்குப் பொருந்தும் பிராவைக் கண்டடைந்த விதம்

எங்கள் மதுரையில் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைகளில் பிரா கேட்டு நிற்கும் பெண்ணிடம் முதலில் கேட்கப்படுவது, "ஜாக்கெட் என்ன அளவுக்கா?" என்பதுதான். முப்பத்தெட்டு என்றால் 38 என்று அச்சிட்ட பெட்டி வரும். நாற்பது என்றால் 40 என்று அச்சிட்ட பெட்டி வரும். கப் அளவைப் பற்றிப் பெரும்பாலும் பேச்சே எழாது. பெட்டியின் ஓரத்தில் பி என்ற எழுத்து தானாகவே இருக்கும். ஜாக்கெட்டுக்குத் தையற்காரர் எடுக்கும் அளவு மார்பின் மிக உயர்ந்த பகுதியைச் சுற்றி எடுக்கப்படுவது. பிராவில் அச்சிடப்படும் எண்ணோ மார்புக்குக் கீழே விலா எலும்பைச் சுற்றி அமரும் அடிப்பட்டையைச் சார்ந்தது. எனக்கு இவ்விரண்டுக்கும் இடையே ஆறு அங்குல வித்தியாசம் இருக்கிறது.

நான் பள்ளி ஆசிரியை. நாள் முழுவதும் நின்றபடி பேசுவதும், கையை உயர்த்திக் கரும்பலகையில் எழுதுவதும் என் வேலை. இரண்டாவது குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்திய பிறகு உடல் வாகு மாறியது. கையை உயர்த்தும் போதெல்லாம் பிராவின் அடிப்பட்டை முதுகில் மேலேறிக்கொள்ளும், முன்பக்கம் தாழ்ந்துவிடும். அதைச் சரிக்கட்ட ஸ்ட்ராப்பை இறுக்குவதைத் தவிர வேறு வழி யாரும் சொல்லித் தந்ததில்லை. மாலையில் வீடு திரும்பும்போது இரு தோள்களிலும் விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் மார்புக்கு அடியில் வியர்வை தங்கி வியர்க்குருவும் அரிப்பும் வந்துவிடும். கழுத்து வலிக்காகச் சென்றபோது என் தோள்களைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட், மார்பின் எடையை ஸ்ட்ராப் சுமக்கக் கூடாது, அடிப்பட்டைதான் சுமக்க வேண்டும் என்று விளக்கி, முதலில் சரியான அளவைக் கண்டுபிடிக்கச் சொன்னார். வலிக்கான பயிற்சிகளோடு சேர்த்து அவர் எழுதித் தந்த சீட்டில் அதுவும் ஒரு வரியாக இருந்தது.

அளவெடுப்பது வீட்டிலேயே முடிகிற வேலை. தையற்காரர் பயன்படுத்தும் சாதாரண இஞ்ச் டேப்பும் ஒரு கண்ணாடியும் போதும். மார்புக்கு நேர் கீழே, மூச்சை வெளியே விட்ட நிலையில், டேப் முதுகில் சரியாமல் தரைக்கு இணையாக இருக்கும்படி பிடித்து இறுக்கமாக எடுத்தபோது எனக்கு 33 அங்குலம் வந்தது. இரண்டாவது அளவை மார்பின் முழுச் சுற்றில் டேப் அழுத்தாமல் எடுக்க வேண்டும். என்னைப் போல் மார்பு தளர்ந்தவர்கள், இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து நின்று எடுத்தால்தான் எல்லாப் பகுதியும் கணக்கில் வரும். அப்படி எடுத்ததில் 39 அங்குலம் வந்தது. இதற்குப் பிறகு கணக்கு எளிது. அடியளவு 33 என்றால் அடுத்த இரட்டைப்படை எண்ணான 34 பட்டை. முழுச் சுற்றளவிலிருந்து பட்டையின் எண்ணைக் கழித்தால் மிஞ்சும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு கப்: ஒன்று என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி, ஐந்து டிடி. இந்த எழுத்து முறை 1930களில் அமெரிக்க நிறுவனங்கள் கொண்டுவந்தது. என் கணக்குக்கு 34டிடி வந்தது. இந்த விடையைப் பார்த்ததும் நம்ப மறுத்தவர்களில் என் தங்கையும் ஒருத்தி, ஏனென்றால் டி என்றாலே மிகப் பெரிய மார்பு என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறோம். அந்த எழுத்து தனியாக எதையும் சொல்வதில்லை; பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பொறுத்துத்தான் அதன் கொள்ளளவு மாறுகிறது. 32டி-யின் கப்பும் 36பி-யின் கப்பும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு கொண்டவை.

கடைக்காரர்கள் தந்துகொண்டிருந்த 40பி ஏன் ஓரளவு பொருந்துவதுபோலவே தோன்றியது என்பதும் இதிலிருந்துதான் எனக்குப் புரிந்தது. பட்டையின் எண் இரண்டு கூடினால் எழுத்து ஒன்று குறைய வேண்டும் என்பது விதி. அதன்படி 34டிடி, 36டி, 38சி, 40பி ஆகிய நான்கும் கப்பின் கொள்ளளவில் அக்கா தங்கைகள். கப் நிரம்பியிருப்பதைக் கண்ணாடியில் பார்க்கிற யாருக்கும் சந்தேகம் வராது. நான்கிலும் மாறுவது பட்டையின் நீளம் மட்டுமே, பாரத்தைத் தாங்க வேண்டியதும் அந்தப் பட்டைதான்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி அட்டவணை வைத்திருக்கிறது. அடியளவோடு நான்கு அல்லது ஐந்து அங்குலத்தைக் கூட்டி அச்சிடும் பழைய வழக்கத்தை இன்னும் பின்பற்றும் நிறுவனங்களில் 33 அங்குலத்துக்கு 38 என்று வரும். எதையும் கூட்டாமல் அடியளவையே அச்சிடும் நிறுவனங்களில் 34 என்று வரும். இரண்டையும் கலந்து படித்தால் தலை சுற்றும். எனக்குக் கைகொடுத்தது, கைப்பையில் இஞ்ச் டேப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனதுதான். பிராவின் அடிப்பட்டையைக் கொக்கியிலிருந்து மறுமுனை வரை நன்றாக இழுத்துப் பிடித்து அளந்தால், அச்சிட்ட எண் எதுவாக இருந்தாலும் உண்மை தெரிந்துவிடும். முழுவதுமாக இழுத்தபோது 35 அங்குலத்தை ஒட்டி நின்ற பட்டைகள் என் உடம்பில் நின்றன. 40 அங்குலம் வரை இழுபட்டவை, அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் முதுகில் மேலேறின. துணிக்கடையில் பிராவை இழுத்து அளக்கும் பெண்ணைப் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பெரிய ஜவுளிக் கடைகளில் எனக்குத் தேவையான கப் கிடைக்கவில்லை. அலமாரி நிறைய பி இருந்தது, சி சில நிறங்களில் இருந்தது. சில கடைகளில் அந்தப் பிரிவிலும் ஆண்களே நிற்கிறார்கள். உள்ளாடையைப் போட்டுப் பார்க்க எங்கும் அனுமதியில்லை, மாற்றித் தருவதும் இல்லை. இந்த மூன்று நிபந்தனைகளும் சேர்ந்திருக்கும்போது ஒரு பெண் ஐந்து நிமிடத்தில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வெளியே வராமல் வேறென்ன செய்வாள்? உள்ளாடைகளை மட்டுமே விற்கும் ஒரு கடையில்தான் பெண் பணியாளர்களும் டிரையல் ரூமும் இருந்தன. அங்கிருந்த வயதான அம்மா நான் எழுதி வைத்திருந்த அளவுகளைப் பார்த்துவிட்டு, 34டிடி இருப்பில் இல்லை என்றும் 36டி-யைப் போட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

போட்டுப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முன்பக்கம் கொக்கியை மாட்டிப் பின்னால் திருப்பாமல், கைகளை ஸ்ட்ராப்புகளில் நுழைத்து முன்னால் குனிந்து மார்பு தானாகக் கப்பில் விழும்படி செய்து, பிறகு பின்னால் கொக்கியை மாட்ட வேண்டும். அடுத்து அக்குள் பக்கம் ஒதுங்கியிருக்கும் சதையைக் கைவிரலால் முன்னால் இழுத்துக் கப்புக்குள் சேர்க்க வேண்டும். இதைச் செய்த பிறகுதான் கப் போதுமா போதாதா என்பது தெரியும். மேல் விளிம்பில் மார்பு பிதுங்கி இரண்டாகத் தெரிந்தால் கப் சிறியது, துணி சுருங்கி இடைவெளி விழுந்தால் கப் பெரியது அல்லது அதன் வடிவம் நமக்கு ஏற்றதன்று. பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழையலாம், முழங்கை நுழையும் அளவுக்கு இருக்கக் கூடாது. புதிய பிராவைக் கடைசி வரிசைக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான வரிசையில் மாட்டும்போதே இறுக்கமாக இருக்க வேண்டும். நாளாக ஆக எலாஸ்டிக் தளரும்போது உள்வரிசைக்கு மாறிக்கொள்ள மற்ற வரிசைகள் இருக்கின்றன. எனக்குக் கிடைத்த 36டி நடு வரிசையில்தான் சரியாக நின்றது, ஆகவே அதன் ஆயுள் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும் என்று தெரிந்தே வாங்கினேன். கடைசியாக ஸ்ட்ராப் இரண்டையும் தோளிலிருந்து இறக்கிவிட்டுப் பார்க்கச் சொன்னார் அந்த அம்மா. பிரா அப்படியே நின்றது. கரும்பலகையில் எழுதுவதுபோல் கையை உயர்த்தியும் பார்த்தேன், பட்டை நகரவில்லை.

அளவு சரியாக இருந்தும் எனக்கு ஒத்துவராதவை உண்டு. பேட் வைத்து அச்சில் வார்த்த கப் ஒரே வடிவத்தில் விறைத்து நிற்கும். தாய்ப்பால் கொடுத்துத் தளர்ந்த மார்பின் மேல்பகுதி அதை நிரப்பாது, ஜாக்கெட்டுக்குள் ஒரு மடிப்பு தெரியும். இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்துத் தைத்த கப்தான் தாங்கவும் செய்கிறது, வடிவத்துக்கு ஏற்ப அமரவும் செய்கிறது. எங்கள் அம்மா காலத்தில் சென்னைக்குப் போகிறவர்களிடம் சொல்லி, 1939இல் தொடங்கிய நாயுடு ஹாலிலிருந்து காட்டன் பிராக்களை வாங்கிவரச் சொல்வார்கள். நெய்த காட்டன் வியர்வைக்கு மிக நல்லது, ஆனால் அதிகம் இழுபடாது என்பதால் பட்டை அளவில் அரை அங்குலம் தவறினாலும் உறுத்தும். எனக்கு உள்பக்கம் காட்டனும், பட்டையில் மட்டும் லைக்ரா கலந்த துணியும் உள்ளவை வசதியாக இருக்கின்றன.

கம்பி வைத்த பிராவையும் முயன்றேன். கம்பி போட்டால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று என் மாமியார் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சியாட்டிலில் உள்ள ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம், மாதவிடாய் நின்ற, 55 வயதைக் கடந்த 1,500க்கும் மேற்பட்ட பெண்களின் பழக்கங்களை ஒப்பிட்டு 2014இல் வெளியிட்ட ஆய்வில், பிரா அணிவதற்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. கம்பி இருந்ததா, எத்தனை மணி நேரம் அணிந்தார்கள் என்பவையும் அதில் பார்க்கப்பட்டன. அத்தையிடம் இதைச் சொன்னேன், அவர் ஏற்கவில்லை. கம்பி மார்புச் சதையின் மீது ஏறாமல் அதைச் சுற்றி அமர்ந்து, நடுப்பகுதி நெஞ்செலும்பில் தட்டையாகப் படிந்தால்தான் அது சரியான அளவு. எனக்கு 36டி-யில் அக்குள் பக்கம் கம்பி குத்தியதால் கம்பியில்லாத வகையையே வைத்துக்கொண்டேன். காரணம் வசதி மட்டுமே.

வாங்கியதைப் பாதுகாப்பதில் எங்கள் வீட்டில் மாறிய பழக்கம் ஒன்று உண்டு. பிராவைப் புடவைக்கோ துண்டுக்கோ அடியில் மறைத்துக் காயப்போடுவது நம் வீடுகளின் வழக்கம். காற்றோட்டமில்லாமல் அரைகுறையாகக் காய்ந்த ஈரத்துணியை மறுநாள் வியர்வையோடு சேர்த்து அணிந்தால் படர்தாமரைக்கு வேறு அழைப்பே வேண்டாம். மொட்டைமாடிக் கொடியில் தனியாக, நிழலும் காற்றும் உள்ள பக்கத்தில், அடிப்பட்டையில் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறேன். கையால் அலசுகிறேன், முறுக்கிப் பிழிவதில்லை. ஒன்றையே தொடர்ந்து இரண்டு நாள் அணியாமல் மாற்றி மாற்றி அணிந்தால் எலாஸ்டிக் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் கிடைக்கிறது. தோள் பள்ளங்கள் முழுவதும் மறையவில்லை, ஆனால் புதிதாகச் சிவப்பதும் இல்லை. கழுத்து வலியில் பயிற்சிகளுக்கு எவ்வளவு பங்கு, பிராவுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு செலவை மட்டும் யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. மார்பு சரியான உயரத்தில் நின்றதும் பழைய ஜாக்கெட்டுகளின் டார்ட் முனைகள், அதாவது மார்பு வடிவத்துக்காகப் பிடித்துத் தைக்கும் மடிப்புகளின் நுனிகள், எல்லாம் ஓர் அங்குலம் கீழே போய்விட்டன. முன்பக்கம் சுருக்கம் விழுந்தது, அக்குள் பிடித்தது. தையல் உள்ளே துணி விட்டிருந்தவற்றைத் தையற்காரர் பிரித்துத் தைத்துக் கொடுத்தார், மற்றவற்றைத் தள்ளிவைத்துவிட்டேன். புதிய ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கும்போது அந்தப் பிராவையே அணிந்து போகிறேன். பின்கழுத்து ஆழமாக வெட்டிய கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு மட்டும் இன்றுவரை எனக்குத் தீர்வு கிடைக்கவில்லை. அகலமான பட்டை வெளியே தெரிகிறது, மெல்லிய பட்டை தாங்குவதில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கு ஜாக்கெட்டின் உள்ளேயே கப் வைத்துத் தைத்துப் பார்க்கலாம் என்று தையற்காரர் சொல்லியிருக்கிறார்.