வியன்னா, ப்ராக், லியேஜ்: எனக்குப் பிடித்த கைத்துப்பாக்கி

கைத்துப்பாக்கிகளில் உனக்குப் பிடித்தது எது என்று யாராவது கேட்டால் இனி நான் யோசிக்க மாட்டேன். பிரௌனிங் ஹை-பவர். 1935-இல் பெல்ஜியத்தில் வெளிவந்த 9 மில்லிமீட்டர் பிஸ்டல். இந்தப் பயணம் கிளம்பும்போதே அதன் மேல் எனக்கு ஒரு கண் இருந்தது உண்மைதான். ஆனால் படித்ததை வைத்துப் பிடிக்கும் என்பது வேறு, கையில் எடுத்துப் பார்த்துப் பிடிக்கும் என்பது வேறு. ப்ராக்கில் அதைச் சுட்டுப் பார்த்து, அப்புறம் அது பிறந்த ஊரையும் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் வியன்னா. மத்திய ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஆர்சனல் என்ற பழைய செங்கல் வளாகம் இருக்கிறது. ராணுவ வரலாற்று அருங்காட்சியகம் அதற்குள்தான். பீரங்கிகளையும் சீருடைகளையும் தாண்டிப் போனால் சரயேவோ அறை வரும். 1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவர் மனைவி சோஃபியும் சுடப்பட்டபோது அமர்ந்திருந்த திறந்த கார் அங்கே நிற்கிறது. கூடவே அந்தச் சதியில் பயன்பட்ட பிரௌனிங் 1910 வகை பிஸ்டலும் இருக்கிறது.

இவ்வளவு சிறிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல் வெளியே தெரியாது, துணியில் சிக்கும்படி எதுவும் துருத்திக்கொண்டு நிற்காது. ஸ்லைடை, அதாவது குழலை மூடியிருக்கும் மேல்பாகத்தை, பின்னுக்குப் போகவிட்டு மறுபடி முன்னுக்குத் தள்ளும் சுருள்வில்லைக் குழலைச் சுற்றியே மாட்டியிருக்கிறார்கள். அதனால்தான் அத்தனை மெலிவு. பின்னாளில் வந்த எத்தனையோ சிறிய பிஸ்டல்கள் இதே வழியில்தான் போயின. வடிவமைத்தவர் அமெரிக்காவின் ஜான் மோசஸ் பிரௌனிங், செய்தது பெல்ஜியத்தின் எஃப்.என். என்ற ஆயுத ஆலை. வேறு இடமாக இருந்தால் இதையெல்லாம் ரசித்துக்கொண்டே நின்றிருப்பேன். அந்த அறையில் முடியவில்லை. காரின் உடம்பில் இருக்கும் ஓட்டையைப் பார்த்துவிட்டு மறுபடி பிஸ்டலைப் பார்க்கும்போது, இந்த இயந்திரம் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மறந்துவிட்டு அதன் வில்லைப் பற்றி மட்டும் பேசிவிட முடியாது. எனக்குத் துப்பாக்கிகளின் பொறியியல் பிடிக்கும். அந்த அறையையும் சேர்த்துத்தான் பிடித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வியன்னாவிலிருந்து ப்ராக் ரயிலில் நான்கு மணி நேரம். செக் நாட்டில் உரிமம் இல்லாதவர்களும் அனுமதி பெற்ற சுடுதளத்தில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது சுடலாம். பாஸ்போர்ட்டைக் காட்டினேன். காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். பயிற்றுநர் நிதானமான மனிதர். தோட்டாவைத் தொடுவதற்கு முன்பே விதிகளைச் சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார். எந்தத் துப்பாக்கியும் தோட்டா நிரம்பியதுதான் என்று எண்ணிக்கொள். குழல் எப்போதும் குறிப்பலகையைப் பார்த்தே இருக்கட்டும். சுடப் போகிறாய் என்று முடிவாகும்வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியே. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிஸ்டல்தான் இருந்தது. அது போன பிறகுதான் அடுத்தது வந்தது.

முதலில் வந்தது கிளாக் 17. 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் தேர்ந்தெடுத்தது, பாலிமர் என்ற பிளாஸ்டிக் உடம்பு, 17 தோட்டா. தவறிச் சுடாமல் இருக்க விரலால் நகர்த்தும் பாதுகாப்புக் கட்டை தனியாகக் கிடையாது. ட்ரிக்கரின் நடுவில் இருக்கும் சிறு நாக்கையும் சேர்த்து அழுத்தினால்தான் வேலை செய்யும். முதல் குண்டுக்கும் கடைசிக் குண்டுக்கும் ஒரே அழுத்தம், ஒரே தூரம். குறை சொல்ல இடமே இல்லாத வேலைக்கருவி. இரவு பகல் பாராமல் இடுப்பில் வைத்துக்கொண்டு அலைய வேண்டிய வேலை எனக்கு இருந்தால் இதைத்தான் கேட்பேன். ஆனால் கையை உயர்த்தினால் என் மணிக்கட்டுக்கு அதன் மூக்கு எப்போதும் கொஞ்சம் மேலேயே பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் இறக்க வேண்டியிருந்தது.

அடுத்தது 1911 என்ற பெயருள்ள பிஸ்டல். இதுவும் பிரௌனிங் வடிவமைத்ததுதான். 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டு, 1985-இல் இத்தாலியின் பெரெட்டாவுக்கு இடம் விடும்வரை அதையே முதன்மையான பிஸ்டலாக வைத்திருந்தது. அதன் ட்ரிக்கரைப் பற்றி எல்லோரும் ஏன் அப்படிப் பேசுகிறார்கள் என்று ஒரு முறை அழுத்தியதும் புரிந்தது. வளைந்து போகாமல் நேராகப் பின்னுக்குப் போகிறது, எந்த இடத்தில் விடும் என்பது விரலுக்கு முன்கூட்டியே தெரிகிறது. ட்ரிக்கரை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். இதன் .45 அங்குலத் தோட்டா பருமனானது. பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியான மேகசினில் ஏழுதான் நிற்கும். உதையும் பலம், ஆனால் சுரீரென்று இல்லை, ஒரு பெரிய தள்ளல்.

செக் நாட்டுக்கு வந்துவிட்டு அந்த நாட்டின் சி.இஸட். 75 பிஸ்டலைத் தொடாமல் போக முடியுமா? கோவ்ட்ஸ்கி சகோதரர்களின் வடிவமைப்பு. சாதாரணமாக ஸ்லைடு உடம்பின் வெளிப்பக்கமாகக் கவிந்து ஓடும். இதில் உடம்புக்கு உள்ளே ஓடுகிறது. குழல் கைக்கு நெருக்கமாகத் தாழ்ந்து நிற்பதால் சுட்ட பிறகு குறி அதிகம் எகிறுவதில்லை. எனக்கு மிக நன்றாகச் சுட வந்தது இதில்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஸ்லைடு உயரம் குறைவு என்பதால் இழுக்கும்போது விரலுக்குச் சரியான பிடி கிடைக்கவில்லை.

கடைசியாக ஹை-பவர். மேகசின் இல்லாமல், ஸ்லைடு திறந்த நிலையில் வந்தது. உள்ளே எட்டிப் பார்த்து, சுடப்போகும் தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று உறுதி செய்துகொண்டு கையில் எடுத்தேன். எந்த விரலையும் நான் நகர்த்தவில்லை. பிடியின் பின்புற வளைவு உள்ளங்கைக் குழியில் உட்கார்ந்துகொண்டது, ஆள்காட்டி விரல் ட்ரிக்கர் வளையத்துக்கு மேலே தானாக நீண்டு படுத்தது. கண்ணை மூடிக்கொண்டு குறிப்பலகையை நோக்கிக் கையை உயர்த்திவிட்டுக் கண்ணைத் திறந்தால், முன்குறியும் பின்குறியும் ஏறக்குறைய ஒரே கோட்டில். மற்ற மூன்றுக்கும் நான் என் கையைச் சொல்லிப் பழக்க வேண்டியிருந்தது. இதற்குத் தேவைப்படவில்லை.

இத்தனைக்கும் அது 13 தோட்டா பிடிக்கும் பிஸ்டல். ஆச்சரியம் அங்கேதான் இருக்கிறது. ஏழெட்டுத் தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றை வரிசையில் அடுக்கினால் பிடியை மெலிதாக வைக்கலாம். எண்ணிக்கை கூட வேண்டுமானால் இரண்டு வரிசை வேண்டும்; பிடி தடித்துப்போகும். ஹை-பவரின் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றுக்கொன்று இடைவெளியில் நுழைந்தபடி இரட்டை வரிசையாக வந்து, மேலே போகப் போகக் குறுகி ஒற்றை வரிசையாகிவிடும். கூட்டம் இரண்டு வரிசையாக வந்து வாசலில் ஒவ்வொருவராக நுழைவதுபோல. அது மட்டும் போதாது. 1911-இல் ட்ரிக்கரின் அசைவு மேகசினின் இரு பக்கமும் சுற்றிக்கொண்டு பின்னுக்குப் போகிறது. அதற்கும் இடம் ஒதுக்கினால் பிடி இன்னும் பருக்கும். அதனால் இதில் ட்ரிக்கரின் அசைவை மேலே ஸ்லைடுக்குள் இருக்கும் ஒரு நெம்புகோலுக்கு ஏற்றி, அதன் வழியாகப் பின்னால் கொண்டுபோகிறார்கள். பிடிக்குள் மேகசினைத் தவிர வேறு எதுவும் இடத்தை அடைத்துக்கொள்ளவில்லை. என் உள்ளங்கை உணர்ந்தது இந்தக் கணக்கைத்தான்.

குழல் பூட்டிலும் அதே சிக்கனம் உண்டு. குண்டு வெளியேறும்வரை குழலும் ஸ்லைடும் ஒன்றாகப் பூட்டியிருக்க வேண்டும். அப்புறம் பிரிய வேண்டும். 1911-இல் குழலின் பின்பக்கத்தைக் கீழே இழுப்பது தனியாக ஆடும் ஒரு சிறு இணைப்புத் துண்டு. ஹை-பவரில் அந்தத் துண்டே இல்லை. குழலுக்கு அடியில் உள்ள கட்டையிலேயே சாய்வாக வெட்டிவிட்டார்கள். பின்னுக்கு வரும்போது அந்தச் சாய்வே குழலைக் கீழே இறக்குகிறது. ஆடும் பாகம் ஒன்று குறைந்தது. இன்று உலகம் முழுவதும் செய்யப்படும் பெரும்பாலான பிஸ்டல்கள், முன்னால் சொன்ன கிளாக்கும் சி.இஸட். 75-உம் உட்பட, குழலை இறக்குவது இந்த வழியில்தான்.

ட்ரிக்கர் 1911-க்குக் கிட்டவும் வராது. நெம்புகோல் வழியாகச் சுற்றிப் போவதால் கொஞ்சம் கொழகொழப்பு. போதாததற்கு, மேகசின் இல்லையென்றால் சுடாதபடி ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உள்ளே இருக்கிறது. அது மேகசினின் முகத்தில் உரசுவதை விரல் உணர்கிறது. பழைய மாடல்களில் பாதுகாப்புக் கட்டை நகத்தளவுதான். கை பெரிதாக இருப்பவர்களுக்குச் சுத்தியல் பின்னுக்கு வரும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையைக் கடித்துவிடும் என்பது இந்தத் துப்பாக்கியைப் பற்றிய மிகப் பழைய புகார். என் கை சிறியது, தப்பித்தது. இந்தக் குறைகளோடுதான் எனக்கு அது பிடித்திருக்கிறது.

ப்ராக்கிலிருந்து ஜெர்மனி வழியாக பெல்ஜியத்தின் லியேஜ். கொலோனிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்தான். இறங்கியதும் ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் கலாட்ராவா வடிவமைத்த ரயில் நிலையம், 2009-இல் திறந்தது. சுவரே இல்லாமல் எஃகும் கண்ணாடியுமாக ஒரே கூரை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன்.

லியேஜில் துப்பாக்கித் தொழில் பல நூற்றாண்டுப் பழமை. ஒரு குடும்பம் குழல் செய்யும், இன்னொரு குடும்பம் பூட்டு செய்யும், வேறொருவர் மரப்பிடி செதுக்குவார், எல்லாம் வீடுகளிலேயே. செய்த குழல் வெடிக்காது என்பதற்கு யார் உத்தரவாதம்? அதற்காக 1672-இல் ஒரு சோதனைச் சாலை நிறுவினார்கள். வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் வெடிமருந்தை வைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை குத்துவார்கள். அந்தச் சாலை இன்றும் இயங்குகிறது. ஹை-பவர்களின் மேலும் லியேஜ் முத்திரைகளைப் பார்க்கலாம்.

மியூஸ் நதிக்கரையில் செக்கச்செவேலென்று நிற்கும் கிராண்ட் கர்டியஸ் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஸ்பெயின் ராணுவத்துக்கு வெடிமருந்து விற்றுச் செல்வம் சேர்த்த ஜான் கர்டியஸ் கட்டிய மாளிகை. ஆயுதப் பிரிவில் நான் அதிக நேரம் செலவிட்டது செதுக்கு வேலைப்பாடுகளிடம். இலைக்கொடி ஒன்று உலோகத்தில் ஓடி, திருகாணியின் தலையிலும் கோடு விடாமல் தொடர்ந்து அந்தப் பக்கம் போகிறது. திருகாணியை முழுதாக முடுக்கினால்தான் கொடி சேரும்.

நகரத்தின் வடக்கு ஓரம்தான் ஹெர்ஸ்டல். எஃப்.என். ஆலை 1889-இல் அங்கே தொடங்கியது, பெல்ஜிய ராணுவத்துக்கு 1,50,000 மௌசர் ரைஃபிள்கள் செய்து தருவதற்காக. 1897-இல் பிரௌனிங்கோடு ஒப்பந்தம். ஆலைக்குள் விடமாட்டார்கள், வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணத் தொழிற்பேட்டை. எனக்கு அங்கே போக வேண்டியிருந்தது வேறு காரணத்துக்காக. 1926 நவம்பர் 26 அன்று, வேலைக்கு நடுவில், இந்த ஆலையில் தன் மகனின் அலுவலகத்தில் இதயம் நின்று பிரௌனிங் இறந்துபோனார். 71 வயது. ஹை-பவருக்கான அமெரிக்கக் காப்புரிமை அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது.

அப்போது அது இன்று நாம் அறிந்த வடிவத்தில் இல்லை. மீதியைச் செய்தவர் ஆலையின் வடிவமைப்பாளர் தியுதொன்னே சேவ். இரட்டை வரிசை மேகசின் அவருடைய யோசனை. பிரௌனிங் இறந்த பிறகும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இதோடு மல்லுக்கட்டினார். 1911-இன் காப்புரிமைகள் 1928-இல் காலாவதியானதும் அதிலிருந்த நல்ல அம்சங்களையும் எடுத்துக்கொண்டார். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது பிரௌனிங் பெயர்தான். ஆனால் என் கையில் உட்கார்ந்த அந்தப் பிடி பெருமளவு சேவின் வேலை. இதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாளாகவே ஆசை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஜெர்மனி ஆலையைப் பிடித்துக்கொண்டு 3 லட்சத்துக்கும் மேல் ஹை-பவர்களைத் தன் படைகளுக்குச் செய்துகொண்டது. சேவ் இங்கிலாந்துக்குத் தப்பினார். கனடாவின் டொராண்டோவில் இங்கிலிஸ் நிறுவனம் நேச நாடுகளுக்காக அதே பிஸ்டலைச் செய்தது. ஒரே துப்பாக்கி இரு பக்கத்துப் படைகளின் இடுப்பிலும். பிறகு 50-க்கும் மேற்பட்ட நாடுகளின் படைகளுக்குப் போனது. இங்கிலிஸ் வடிவத்தை அடியொற்றி இந்தியாவில் இஷாப்பூர் ஆலையும் செய்கிறது.

எஃப்.என். பழைய ஹை-பவரை நிறுத்திவிட்டு 2022-இல் அதே பெயரைத் தழுவிப் புதிதாக ஒன்றை வெளியிட்டது. 17 தோட்டா, மேகசின் உரசல் இல்லை, இரு கைக்கும் பாதுகாப்புக் கட்டைகள். நான் சொன்ன குறைகள் பெரும்பாலும் அதில் இல்லைதான். ஆனால் உள்ளமைப்பு வேறு, அளவும் பெரிது. எனக்கு வேண்டியது 1980களின் இறுதியில் வந்த பழைய ஹை-பவரின் மார்க் 3 வடிவம்: சேவின் அதே உடல், பகலில் கண்ணுக்குத் தெரிகிற குறிகள், கட்டைவிரலுக்கு எட்டுகிற அகலமான பாதுகாப்புக் கட்டை. ப்ராக்கில் நான் சுட்டதும் அதுதான்.