முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருந்த 52 நாள்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் மலேசியாவில் எங்கள் தோட்டத்துச் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம், வரும் வருடத்துக்கு ஆளுக்கொரு வேத வசனம். பழைய பிஸ்கட் டின்னில் அட்டைகளைக் குலுக்கி வைத்திருப்பார்கள். பிள்ளைகள் முதலில், அப்புறம் பெரியவர்கள். 2022-இன் கடைசி இரவில் எனக்கு வந்தது எரேமியா 29:11. “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு” என்று தொடங்கும் வசனம். நல்ல அட்டைதான் என்று பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஜனவரி 20, சீனப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், பெரட்டு (காலையில் பேர் கூப்பிடுவது) முடிந்ததும் எல்லோரையும் ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். ஆளுக்கொரு கடிதம். தோட்டத்து நிலம் வீடமைப்புக்கு விற்றாயிற்று, எட்டு வாரத்தில் வேலை முடியும், கடைசி நாளிலிருந்து மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்யவேண்டும். சுங்கை சிப்புட் பக்கம் இது புதுச் செய்தி இல்லை. எத்தனையோ தோட்டம் இப்படிப் போயிருக்கிறது. ஆனாலும் நம் பெயர் போட்டு வரும்போது வேறு மாதிரிதான் இருக்கிறது. 22 வருடம் அதே தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டியிருக்கிறேன். அப்போது எனக்கு வயது 47. மகனுக்கு அந்த வருடம் ஐந்தாம் படிவம், எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதிப் பரீட்சை ஆண்டு. அம்மாவுக்கு 76.

அன்று இரவே ஜொகூர் பாருவிலிருந்து அண்ணன் போன் செய்தார். “கிளம்பி வந்துடு தம்பி. தினமும் மோட்டார்ல சிங்கப்பூர் போய் வரலாம், அந்தக் காசுக்கு இங்க எவன் குடுப்பான்?” அவர் சொன்னதில் தப்பில்லை. என் மனைவிக்குப் போக இஷ்டமில்லை. மகன் வாயே திறக்கவில்லை. நான் அண்ணனிடம், “ஆண்டவர் முடிவு சொல்லுவார் அண்ணே, அட்டையிலேயே வந்திருக்கு” என்றேன். அந்த வசனத்தில் ‘முடிவு’ என்றால் தீர்மானம் என்று நான் எடுத்துக்கொண்டேன். போகலாமா, இருக்கலாமா என்பதை அவரே எழுதி அனுப்பிவிடுவார் என்று.

முதலில் கணக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். வேலை நீக்கம், ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 1980-ஆம் ஆண்டு விதிமுறை ஒன்று இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் இரண்டு வருடத்துக்குள் என்றால் வருடத்துக்குப் பத்து நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் பதினைந்து நாள், ஐந்துக்கு மேல் இருபது நாள். எனக்கு 22 வருடம், ஆக 440 நாள் சம்பளம். ஆனால் கடிதத்தோடு வந்த தாளில் எனக்குப் பதினைந்து நாள் கணக்குப் போட்டிருந்தார்கள். நடுவில் கம்பெனி பெயர் மாறியபோது புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள், அதிலிருந்து எண்ணியிருந்தார்கள். தொழிற்சங்கத்தில் இருந்த ஒரு நண்பர்தான் பிடித்தார். பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போனோம், ஒரு மாதத்துக்குள் தாள் திருத்தி வந்தது. சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாமல் மெத்தைக்கு அடியில் வைத்திருந்தது அம்மா. அந்த விஷயத்தில் நான் சுறுசுறுப்பாக இருந்தேன் என்று பெருமையாகச் சொல்லலாம், ஆனால் என்னை இழுத்துக்கொண்டு போனது அந்த நண்பர்தான்.

மார்ச் 17-ஆம் தேதி கடைசி வேலை நாள். டிராக்டர் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டு நடந்து வந்தேன். அதற்குப் பிறகு உட்கார்ந்தேன். உண்மையாகவே உட்கார்ந்தேன். காலையில் வேதம், ஜெபம், கோப்பி, வாசலில் நாற்காலி. யாராவது கேட்டால் “கர்த்தருக்குக் காத்திருக்கேன்” என்பேன். கேட்டவர்கள் மேலே பேச முடியாது, அந்தப் பதிலில் அப்படி ஒரு வசதி.

கிதியோன் ஆண்டவரிடம் அடையாளம் கேட்டு ஆட்டுத்தோல் போட்ட கதை நியாயாதிபதிகள் 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தோலில் மட்டும் பனி, தரை காய்ந்திருக்கவேண்டும் என்று கேட்டான், அப்படியே நடந்தது. மறுநாள் மாற்றிக் கேட்டான். நானும் கேட்டேன். இன்றைக்கு அண்ணன் போன் வந்தால் ஜொகூர் என்று ஒரு நாள் வேண்டிக்கொண்டேன். வந்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அன்றைக்கு அண்ணி பிறந்தநாள், எப்படியும் போன் வரும். இன்னொரு நாள் பட்டணத்தில் காலி வீடு ஒன்று கண்ணில் பட்டால் இங்கேயே இருப்பது என்று வேண்டிக்கொண்டு மோட்டாரில் கிளம்பினேன். மூன்று வீடு பட்டது. மூன்று என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே திரும்பி வந்தேன். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வீட்டு வரிசைக்கு, பின்னால் இருந்த மாரியம்மன் கோயில் கமிட்டிக்கும் அதே மாதத்தில் கடிதம் போயிருந்தது. அம்மனுக்கு இடம் தேடி அவர்கள் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள். எங்கள் தகரக்கூரைச் சபையின் பெஞ்சுகளைப் பட்டணத்துச் சபைக்கு ஏற்றிவிட்டோம். ஊரே நகர்ந்துகொண்டிருந்தது, நான் மட்டும் நாற்காலியில்.

ஒரு சாயங்காலம் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. தாத்தா கதையைத் திரும்ப எடுத்தது. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத்து ஜனம் ஆயிரக்கணக்கில் கப்பலேறியது. தாத்தாவும் பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் போகும் ரஜூலா கப்பலுக்குப் பெட்டி கட்டிவிட்டார். கடைசியில் போகவில்லை. ஏதோ தரிசனம் கண்டார் என்றுதான் சின்ன வயதிலிருந்து நான் நினைத்திருந்தேன். “தரிசனமா? உன் சித்திக்கு அம்மை போட்டிருந்துச்சு. கப்பல்ல ஏத்தமாட்டான்னு நின்னுட்டாரு. நின்னப்புறம் சும்மா இல்ல, மறுநாளே போய் பெர்மிட்டுக்கு எழுதிக் குடுத்தாரு” என்றது அம்மா. அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டது.

மே 6, சனிக்கிழமை. மனைவி அலமாரியைக் காலி செய்யும்போது, தோட்டத்தில் கடிதம் கொடுத்த அன்று சேர்த்துக் கொடுத்திருந்த சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தாள் ஒன்று அகப்பட்டது. வேலை காப்புறுதி, வேலை போனால் கொஞ்ச காலம் பணம் தருவது. 2018 ஜனவரியிலிருந்து எங்கள் சம்பளத்தில் 0.2 விழுக்காடு பிடித்தது அதற்குத்தான், 1,900 வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்துக்கு நாலு வெள்ளிகூட வராது. அதனாலேயே யாரும் கண்டுகொண்டதில்லை. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்று போட்டிருந்தது. அவள் விரல்விட்டு எண்ணினாள். “அம்பது நாள் போச்சு. இன்னும் பத்து நாள்தான் இருக்கு.” அப்புறம் என்னைப் பார்த்து, “அட்டையில ஒரு வசனம் அச்சடிக்கத்தான் இடம் இருக்கும். மிச்சம் வேதத்துல இருக்கு, எடுத்துப் படிங்க” என்றாள். கோபமாகத்தான் சொன்னாள்.

அன்று இரவு எரேமியா 29-ஐ முதலிலிருந்து படித்தேன். அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற ஆள் இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி ஜனத்தைக் குஷிப்படுத்தியிருந்தான். எரேமியாவோ எழுபது வருடம் என்கிறார். அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். அவர்களிடம்தான் ஐந்தாம் வசனத்தில் வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், விளைந்ததைச் சாப்பிடுங்கள் என்கிறார். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்கிறார். நீங்கள் இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். அதற்கெல்லாம் பிறகுதான் என்னுடைய அட்டை வசனம் வருகிறது. அதில் முடிவு என்பது எழுபது வருடத்துக்கு அப்பால் இருக்கிற முடிவு. போகட்டுமா இருக்கட்டுமா என்ற கேள்விக்குப் பதில் இல்லை. நாலு மாதமாக பர்ஸில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தது வேறொரு கேள்விக்கான பதில்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே ஒரு லேசான உணர்வும் இருந்தது. ஆண்டவர் என்னிடம் பேசாமல் இருக்கிறார் என்ற பயம் அந்த நாட்களில் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. சம்பளச் சீட்டு, சங்கத்து நண்பர், அலமாரித் தாள் எல்லாம் வந்தபடிதான் இருந்தன. நான்தான் அவற்றைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இதை விசுவாசக் குறைவு என்று சிலர் சொல்லலாம். என் கண்ணுக்கு அது சோம்பேறித்தனமும் பயமும் சேர்ந்தது, மேலே பக்திச் சாயம்.

மே 8, திங்கட்கிழமை, 52-ஆவது நாள், மகன் லேப்டாப்பில் விண்ணப்பத்தைப் போட்டான். பதவி நீக்கக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, அடையாளக் கார்டு. அரை மணி நேர வேலை. அப்போதைய விதிப்படி முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30, சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்து ஆறு மாதம் வரை. வேலை தேடுகிறோம் என்று அவ்வப்போது காட்டவேண்டும், நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நின்றுவிடும். நடுவிலேயே வேலை கிடைத்தால் மிச்சத்தில் கால் பங்கு தருவார்கள். பயிற்சிக் கட்டணமும் உண்டு. அதில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் படித்தேன். டிராக்டர் ஓட்டினவனுக்கு அது பெரிய விஷயம் இல்லை, பின் சக்கரம் திரும்புவதுதான் முதல் இரண்டு நாள் தலைசுற்ற வைத்தது.

ஜொகூருக்குப் போகவில்லை. அதற்கு எந்த அடையாளமும் வரவில்லை. மகனின் பரீட்சை, அம்மாவின் முட்டி வலி, மனைவியின் முகம் மூன்றையும் வைத்துப் பார்த்து நானும் அவளும் பேசி எடுத்த தீர்மானம். அண்ணனுக்கு மூன்று மாதம் கோபம். பட்டணத்தில், நான் அன்றைக்குப் பார்த்த அந்த மூன்று வீட்டில் இரண்டாவதை வாடகைக்கு எடுத்தோம். ஜூன் 10-ஆம் தேதி லாரியில் சாமான் ஏற்றினோம். ஆகஸ்டில் ஈப்போ போகும் வழியில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது, ஒப்பந்த வேலை.

அந்த ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. நீட்டிப்பார்களா என்று சூப்பர்வைசருக்கே தெரியாது. இரண்டு இடத்தில் மனு போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் அம்மா, பழைய வீட்டிலிருந்து தொட்டியில் கொண்டுவந்த முருங்கைப் போத்தைத் தரையில் வைக்கலாமா என்று கேட்டது. வாடகை வீடு, முன்பக்கம் முழுக்க சிமெண்ட். பின்னால் கால்வாய் ஓரம் ஒரு முழம் மண் இருக்கிறது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன், “ஓடுக்கு மேல வளராம பாத்துக்குங்க” என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா பின்னாலேயே நின்று, ஆழம் பத்தாது, இன்னும் தோண்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தது.