மகிழ்ச்சிக்குப் பத்துக்கு எத்தனை?

கடந்த மாதம் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் உள்ளூர் வாசகர் வட்டம் ஒன்று நடத்திய புகைப்படப் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்திருந்தேன். படம் எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் கலந்துகொள்ளக் கூடாது, கைப்பேசியில் எடுத்தாலும் கேமராவில் எடுத்தாலும் சரி, ஒருவர் இரண்டு படங்களுக்கு மேல் அனுப்பக் கூடாது என்பவை விதிகள். தலைப்பு ‘மகிழ்ச்சி’. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து 412 படங்கள் வந்திருந்தன. இருபத்தாறு ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தியவன் என்பதுதான் என்னை அழைத்ததற்குக் காரணம். இந்தத் தலைப்பைப் பொறுத்தவரை அதைவிட மோசமான தகுதி வேறில்லை என்பதை அவர்களிடம் நான் சொல்லவில்லை.

ஏனென்றால், அந்த இருபத்தாறு ஆண்டுகளும் நான் மகிழ்ச்சியைப் படம் எடுத்தவன் அல்லன். அதை உத்தரவு போட்டு வரவழைத்தவன். “கொஞ்சம் சிரிங்க”, “மாப்பிள்ளை, பல்லு தெரியட்டும்”, “அம்மா, பையனைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்க” என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அதோடும் விடவில்லை. ஃபிலிம் காலத்தில், விளக்கு வைத்த சாய்மேசையில் நெகட்டிவை வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் டச்சிங் செய்வது என் இரவு வேலை. நெகட்டிவில் சுருக்கங்கள் வெளிறிய கோடுகளாகத் தெரியும். அவற்றின்மேல் பென்சிலால் மெல்லப் புள்ளி வைத்து நிரப்பினால் அச்சில் சுருக்கம் மறைந்துவிடும். கண்ணோரத்துக் கோடுகளைத்தான் முதலில் அழிக்கச் சொல்வார்கள், அழித்தேன். வெகு காலம் கழித்துத்தான் டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவரைப் பற்றிப் படித்தேன். முகத்தின் தசைகளை மின்சாரத்தால் தூண்டி அவற்றைப் படமெடுத்து 1862இல் நூலாக வெளியிட்ட அவர், உதட்டை இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் அசையும் என்று எழுதினார். அப்படியானால், எங்கள் ஊரில் தப்பித்தவறி உண்மையாகச் சிரித்த சிலரின் சாட்சியத்தையும் பென்சிலால் அழித்தவன் நான்தான்.

நம் வீடுகளில் மாட்டியிருக்கும் பழைய குடும்பப் படங்களில் யாரும் சிரிப்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கேமரா மெதுவானது, அவ்வளவு நேரம் சிரிப்பைப் பிடித்து வைத்திருக்க முடியாது என்று பலர் விளக்குவார்கள். அது மிகப் பழைய படங்களுக்குப் பொருந்தும். 1970களில் எடுத்த படத்துக்குப் பொருந்தாது. சபையில் பல் தெரியச் சிரிப்பது மரியாதையில்லை என்பதுதான் காரணம். ஆனால் அந்தப் படங்களில் மகிழ்ச்சி இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள்: முழுக்கைச் சட்டையின் இடது கை மட்டும் இரண்டு விரற்கடை மேலே ஏற்றப்பட்டிருக்கும், புதுக் கைக்கடிகாரம் தெரிவதற்காக. மடியில் டிரான்சிஸ்டர் இருக்கும். இறுகிய உதட்டோடு அமர்ந்திருக்கும் மனிதர் அந்தக் கடிகாரத்தின் வழியாகச் சிரித்துக்கொண்டிருப்பார்.

இந்தப் பழக்கத்தோடு நான் 412 படங்களின் முன் அமர்ந்தேன். பெரிய திரையில் ஒவ்வொரு படத்தையும் பத்து விநாடி காட்டினார்கள். எடுத்தவர் பெயரும் இல்லை, தலைப்பும் இல்லை. முதல் சுற்றில் வேண்டும், வேண்டாம் என்று மட்டும் குறிக்க வேண்டும். ஐம்பதாவது படத்துக்குள்ளாகவே படங்கள் தாமாகக் குவியல்களாகப் பிரிந்துவிட்டன. பொக்கைவாய்ப் பாட்டிகள் ஒரு குவியல். பம்புசெட்டுத் தொட்டியிலும் கிணற்றிலும் குதிக்கும் பையன்கள் ஒரு குவியல். சோப்புக் குமிழி ஊதும் குழந்தைகள், வண்ணப்பொடி பூசிய கல்லூரி மாணவர்கள், டயர் உருட்டும் சிறுவர்கள் என்று நீண்டுகொண்டே போயிற்று. பாட்டிகள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் பல் போனதால்தான் அந்த முகம் சிரிப்பாகத் தெரிகிறதா, சிரித்ததால் தெரிகிறதா என்று முப்பதாவது பாட்டியைப் பார்க்கும்போது எனக்கே குழப்பமாகிவிட்டது.

மனத்தை உறுத்திய குவியல் ஒன்று உண்டு: செங்கல் சூளையிலும் குப்பைமேட்டிலும் நின்று சிரிக்கும் குழந்தைகள். அப்படிப் பதினெட்டுப் படங்கள் வந்திருந்தன. ‘இல்லாமையிலும் மகிழ்ச்சி’ என்று எடுத்தவர் நினைத்திருப்பார் என்பது தலைப்பைப் பார்க்காமலே தெரிந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று படம் எடுத்த எவருக்கும் தெரியும். கேமராவோடு ஓர் அந்நியர் வந்திருக்கிறார். எல்லாரும் ஓடி வந்து நிற்கிறார்கள். அவர் குனிகிறார், மண்டியிடுகிறார், அது வேடிக்கையாக இருக்கிறது. பின்பக்கத் திரையில் தங்கள் முகத்தையே காட்டினால் இன்னும் சிரிக்கிறார்கள். அது உண்மையான மகிழ்ச்சிதான். ஆனால் அவர் வந்ததால் உண்டான மகிழ்ச்சி, அவர் போனதும் முடிந்துவிடும். அதைச் சூளையின் கணக்கில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பதினெட்டில் ஒன்றை மட்டும் நாங்கள் மூவரும் அடுத்த சுற்றுக்கு அனுப்பினோம். அதில் குழந்தைகள் யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. காயவைத்த, இன்னும் சுடாத செங்கல் ஒன்றில் பதிந்திருந்த நாயின் காலடியைச் சுற்றி உட்கார்ந்து ஏதோ தீவிரமாக வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

பொங்கல் படம் ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் பார்வைக்கு அத்தனை அழகு. பொங்கி வழியும் பானை, புகைக்கு நடுவே குலவையிடும் மூன்று பெண்கள், பின்னால் காலை வெயில். ஏதோ சரியில்லை என்று தோன்றி மறுபடி போடச் சொன்னேன். பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்துக்குப் பதிலாக ரோஜா மாலை சுற்றியிருந்தது. வழிந்த பால் பாதியிலேயே நின்றது, அடுப்பில் ஒரு சொட்டு விழவில்லை. செயற்கை நுண்ணறிவு செய்த படமாக இருக்கலாம் என்று ஐயப்பட்டு, அசல் கோப்பை அனுப்பும்படி அமைப்பாளர்கள் கேட்டார்கள். பதில் வரவில்லை. படத்தை எடுத்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பன்னிரண்டு படங்கள் மிஞ்சின. இப்போது பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். மூவரின் மதிப்பெண்ணும் கூட்டப்படும். என்னோடு இருந்தவர்களில் ஒருவர் கோயம்புத்தூர்க்காரர். கோடியக்கரைக்குப் பறவைகளைப் படமெடுக்க ஆண்டுதோறும் வருபவர், வெளிச்சத்தைப் பற்றி அவரளவு தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இன்னொருவர் வேதாரண்யம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஓவிய ஆசிரியை. ஏழாவதாக வந்த படத்தில்தான் எங்களுக்குள் பிளவு ஏற்பட்டது.

அது ஒரு வாய்க்காலின் படம். வெடித்துக் கிடக்கும் வண்டல் தரையில் ஒரு முதியவர் நடக்கிறார், முதுகுதான் தெரிகிறது. மடித்துக் கட்டிய வேட்டி, இடது கக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு. வலது கை தோளுக்கு மேல் உயர்ந்து, ஆட்காட்டி விரல் மட்டும் நீண்டிருக்கிறது. முகம் சற்றே திரும்பியிருந்தாலும் காதும் கன்ன எலும்பும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அவருக்குப் பின்னால், படத்தின் கீழ்ப்பாதியில், தண்ணீர் வருகிறது. வைக்கோல் துரும்பு, வேப்பஞ்சருகு, நசுங்கிய காகிதக் கோப்பை, அழுக்கு நுரை எல்லாவற்றையும் முன்னே தள்ளிக்கொண்டு, நாக்கை நீட்டுவதுபோல் நுனி நுனியாக வருகிறது. அவருடைய வலது குதிகால் நனைந்து கறுத்திருக்கிறது. இடது குதிகால் இன்னும் புழுதியோடு வெளுத்திருக்கிறது. குறைகளைச் சொல்வதானால் நிறையச் சொல்லலாம்: வானம் வெறும் வெள்ளையாகிவிட்டது, கரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, ஓரத்துக் கருவேல மரம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது.

நான் ஒன்பது போட்டேன். ஆசிரியை எட்டு. கோவை நண்பர் நான்கு. மதிப்பெண்ணைக் கொடுத்த பிறகு பேசலாம், விரும்பினால் மாற்றலாம் என்பது ஏற்பாடு. அவர் கேட்ட கேள்வி நேரானது: “இதில் மகிழ்ச்சி எங்கே இருக்கிறது? ஒருவர் நடந்து போகிறார், அவருக்குப் பின்னால் சாக்கடை வருகிறது.” ஆசிரியை சிரித்துவிட்டார். நான் மேட்டூரிலிருந்து தொடங்கினேன். குறுவைக்காக ஜூன் 12இல் அணையைத் திறப்பது மரபு. தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாளாகும். அங்கிருந்து ஆறாகவும் வாய்க்காலாகவும் பிரிந்து பிரிந்து, தலைஞாயிறு போன்ற கடைமடை ஊர்களுக்கு வருவதற்குள் எத்தனையோ நாள் போய்விடும், சில ஆண்டு வராமலும் போகும். வரும் முதல் தண்ணீர் இப்படித்தான் கசடோடு வரும். அதைப் பூவும் நெல்லும் தூவி வரவேற்பார்கள் என்றெல்லாம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்கள் சொன்னது நன்றாக இருக்கிறது. ஆனால் அது உங்கள் வாயில் இருக்கிறது, படத்தில் இல்லை” என்றார். நான்கு நான்காகவே நின்றது.

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. ஆனால் இரவு வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர் கேட்டதில் பாதி நியாயம் என்று பட்டது. டுஷேனின் படங்களை வாங்கி 1872இல் தம் நூலில் பயன்படுத்திய டார்வின், அதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்த்தார். இருபதுக்கும் மேற்பட்டவர்களிடம் அந்தப் படங்களை ஒரு சொல்லும் சொல்லாமல் காட்டி, இந்த முகத்தில் என்ன உணர்ச்சி தெரிகிறது என்று கேட்டார். சில படங்களுக்கு ஏறக்குறைய எல்லாரும் ஒரே விடை சொன்னார்கள். சிலவற்றுக்கு ஆளுக்கொன்று சொன்னார்கள். தலைப்பை மறைத்துவிட்டு நாங்கள் செய்ததும் அதைத்தான். தண்ணீரைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்ததற்குக் காரணம் அந்தப் படமா, வாய்க்கால் கரையில் கழிந்த என் பிள்ளைப் பருவமா என்று கேட்டால், சத்தியம் செய்து சொல்ல என்னால் முடியாது.

தெரிந்துகொள்வது எப்போதும் படத்துக்குக் கூட்டல்தான் என்றும் சொல்ல முடியாது. மகிழ்ச்சி என்றாலே உலகம் எடுத்துக் காட்டும் படம் ஒன்று உண்டு. 1973 மார்ச் 17 அன்று, கலிஃபோர்னியாவின் டிராவிஸ் விமானப்படைத் தளத்தில், வியட்நாமில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் போர்க் கைதியாக இருந்து திரும்பிய ராபர்ட் ஸ்டிர்ம் என்ற அதிகாரியை நோக்கி அவர் குடும்பம் ஓடி வருகிறது. பதினைந்து வயது மகள் இரு கைகளையும் விரித்தபடி, கால் தரையில் படாமல், எல்லாருக்கும் முன்னால் வருகிறாள். எடுத்தவர் அசோசியேட்டட் பிரஸ்ஸின் ஸ்லாவா வீடர்; அங்கிருந்த பெண்கள் கழிப்பறையை டார்க் ரூமாக்கி அந்த ஃபிலிமைக் கழுவினார்கள் என்பது எங்கள் தொழில்காரர்கள் ரசித்துச் சொல்லும் செய்தி. ‘மகிழ்ச்சி வெடிப்பு’ என்ற பொருள்படும் பெயரோடு அது 1974இல் புலிட்சர் பரிசு பெற்றது. அந்தப் படத்திலும் தந்தையின் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். மண வாழ்க்கை முடிந்தது என்று மனைவி எழுதிய கடிதம் சில நாள் முன்பே, விடுதலையான நேரத்தில், அவர் கைக்கு வந்திருந்தது. விரைவில் மணமுறிவும் ஆயிற்று. பிள்ளைகள் தத்தம் வீட்டில் அந்தப் படத்தை மாட்டி வைத்திருந்தார்கள். அவர் தம் வீட்டில் மாட்டவில்லை. மகளின் மகிழ்ச்சி பொய்யில்லை, படமும் பொய்யில்லை. ஆனால் இந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து அந்த முதுகைத்தான் நான் பார்க்கிறேன்.

மறுநாள் கூட்டல் முடிந்தது. கிணற்றில் குதிக்கும் பையன்களின் படம் ஒன்று எட்டு, ஏழு, எட்டு என இருபத்து மூன்று வாங்கி முதல் பரிசு பெற்றது. நல்ல படம்தான், நடுவானில் மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவனுக்காகவே நானும் எட்டு போட்டிருந்தேன். நாய்க் காலடிப் படம் இருபத்திரண்டு. வாய்க்கால் இருபத்தொன்று, மூன்றாம் பரிசு. மூன்று பேர் மதிப்பெண்ணைக் கூட்டினால் யாருக்கும் பிடிக்காமல் போகாத படம் முன்னே வரும், ஒருவரை உலுக்கி இன்னொருவரைத் தொடாத படம் பின்னே போகும். இந்த முறைக்கு மாற்றாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதால் குறை சொல்லாமல் கையெழுத்திட்டேன்.

பரிசளிப்பு அன்று மூன்றாம் பரிசு வாங்க வந்தது ஒரு பாலிடெக்னிக் மாணவி. எடுத்தது கைப்பேசியில், படத்தில் இருப்பவர் அவளுடைய தாத்தா. மேடையை விட்டு இறங்கியதும் அவளைக் கூப்பிட்டு, எனக்கு உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். “தாத்தா யாரையம்மா கூப்பிடுகிறார், விரலை நீட்டி?”

“யாரையும் கூப்பிடலை சார். திட்டிக்கிட்டு வர்றாரு.”

“யாரை?”

அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். “தண்ணியைத்தான் சார். மதகுலேர்ந்து எங்க வயல் வரைக்கும் கூடவே நடந்து வந்தாரு. ‘இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும் உனக்கு, வா, வா, வந்து சேரு’ன்னு வழி பூரா ஒரே திட்டு.”

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கோவை நண்பர், அந்தப் படத்தைத் தமக்கு ஒரு பிரதி அனுப்ப முடியுமா என்று அவளிடம் கேட்டார்.