பம்பு போட்டபிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்?

வருமானத்தில் ஒரு பங்கை உலகில் எங்கோ இருக்கும் ஏழை மக்களுக்காக ஒதுக்குவது என்று முடிவெடுக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. எந்தத் திட்டத்துக்குக் கொடுப்பது என்பதில்தான் மாதக்கணக்கில் அலைந்தேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் குடிநீர் என்று முடிவு செய்துகொண்டேன். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2023-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, முந்தைய ஆண்டில் 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் வீட்டில் கிடைக்கவில்லை. அதைவிட மனதில் தைத்தது இன்னொரு தகவல்: வீட்டில் தண்ணீர் வசதி இல்லாத 10 குடும்பங்களில் 7-ல், தண்ணீர் எடுத்து வருவது பெண்களின், சிறுமிகளின் வேலை. பள்ளிக்கூட நேரமும் கூலி வேலை நேரமும் அந்த நடையிலேயே போய்விடுகின்றன.

அப்புறம் தேட ஆரம்பித்தேன். நன்கொடை திரட்டும் குளோபல்கிவிங் போன்ற இணையதளங்களில் திட்டங்கள் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலான பக்கங்களில் சிரிக்கும் குழந்தையின் படம், ‘இவ்வளவு தந்தால் இத்தனை பேருக்குத் தண்ணீர்’ என்ற வரி. படத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று எனக்குப் புரியவைத்தது பிளேபம்ப்பின் கதை. குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடினால் நிலத்தடி நீர் மேலே தொட்டிக்கு ஏறும் என்ற இந்த யோசனை தென்னாப்பிரிக்காவில் பிறந்தது. 2006-ல் அமெரிக்காவில் இதற்கு 1.64 கோடி டாலர் அறிவித்தார்கள். 2009-ல் கார்டியன் பத்திரிகை கணக்குப் போட்டுப் பார்த்தது: சொன்ன இலக்கை எட்ட வேண்டுமானால் குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் சுற்ற வேண்டும்! குழந்தைகள் இல்லாத நேரத்தில் பெண்கள்தான் அதைச் சுற்றினார்கள். பழுதானால் ஊர்க்காரர்களால் சரிசெய்ய முடியவில்லை.

சாதாரணக் கைப்பம்புகளின் நிலையும் நிம்மதி தருவதாக இல்லை. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில், எந்த நேரத்தில் போய்ப் பார்த்தாலும் ஏறக்குறைய நாலில் ஒரு கைப்பம்பு வேலை செய்யாமல் கிடக்கிறது என்கின்றன ஆய்வுகள். அதனால் எனக்குப் பிடித்திருந்த சில அமைப்புகளுக்கு மின்னஞ்சலில் இரண்டே கேள்விகள் அனுப்பினேன். ஐந்து வருடத்துக்கு முன் போட்ட பம்புகளில் இப்போது எத்தனை ஓடுகின்றன? பழுதானால் யார் பார்ப்பார்கள், யார் செலவு செய்வார்கள்?

ஓர் அமைப்பு வண்ணக் கையேடு அனுப்பியது. இன்னொன்று, ஊரிடம் ஒப்படைத்த பிறகு நாங்கள் கணக்கெடுப்பதில்லை என்று நேர்மையாகச் சொன்னது. மூன்றாவது அமைப்பின் களப்பணியாளர் ஒருவர் நீளமான பதில் எழுதினார். கூடவே ஒரு அட்டவணை. எந்தப் பம்பை எந்தத் தேதியில் சோதித்தார்கள், எதை மாற்றினார்கள் என்று வரிசையாக இருந்தது.

அவர்கள் போடுவது அஃப்ரிடெவ் வகைப் பம்பு. ஊர்க்காரர்களே கழற்றி மாட்ட வேண்டும் என்பதற்காகவே 1980-களில் உருவாக்கப்பட்டது. அதில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துபோகும். மலிவான பொருள்தான். ஆனால் அதை விற்கும் கடை பக்கத்தில் இல்லை என்றால், அந்த ஒரு வளையத்துக்காகப் பம்பு மாதக்கணக்கில் நிற்கும், பெண்கள் மறுபடி ஓடைக்கு நடப்பார்கள். ஒவ்வொரு ஊரிலும் தண்ணீர்க் குழு வீட்டுக்கு வீடு சிறு தொகை வசூலிக்கிறது. பணப்பெட்டி ஒரு பெண்ணின் பொறுப்பில் இருக்கிறது. குழுவால் முடியாத வேலைக்கு ஒரு மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறார். “புதுப் பம்புக்குப் பணம் தர ஆட்கள் இருக்கிறார்கள், இவர் சம்பளத்துக்குத்தான் யாரும் தருவதில்லை” என்று அந்தக் களப்பணியாளர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் இவர்களுக்குத்தான் கொடுப்பது என்று தீர்மானித்துவிட்டேன்.

உடனே பணம் அனுப்பிவிடவில்லை. இங்கிலாந்தில் பதிவான அறக்கட்டளை என்றால் அறக்கட்டளை ஆணையத்தின் தளத்தில் ஆண்டுக் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அமெரிக்க அமைப்புகளுக்கு 990 என்ற ஆண்டுக் கணக்குப் படிவம் இருக்கிறது. அதுபோன்ற கணக்கை எடுத்து வாசித்தேன். நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால் நல்ல அமைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய பம்புகளைச் சோதித்துக் கணக்கு வைப்பதற்கும் ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். நன்கொடைப் படிவத்தில் ‘குறிப்பிட்ட திட்டம்’, ‘பொது நிதி’ என்று இரண்டு பெட்டிகள் இருந்தன. பொது நிதியைத் தேர்ந்தேன்.

வரிச்சலுகை வேண்டும் என்பவர்கள் முன்கூட்டியே விசாரியுங்கள். பல நாடுகளில் உள்நாட்டில் பதிவான அமைப்புக்குத் தந்தால்தான் கிடைக்கும். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வங்கிக் கட்டணமும் நாணய மாற்றுக் கட்டணமும் கழியும். ஒவ்வொரு முறையும் நிலையான கட்டணம் பிடிப்பதால், மாதாமாதம் சிறுகச் சிறுக அனுப்பாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புகிறேன்.

முதல் அறிக்கை வந்தபோது, இரண்டு பம்புகள் நின்றுவிட்டன என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். ஒன்று பழுது. மற்றது, வறட்சியில் நீர்மட்டம் இறங்கியதால். மூன்று பக்கம் வெற்றியை மட்டும் எழுதும் அறிக்கைகளைவிட இது எனக்கு அதிக நம்பிக்கை தந்தது.

ஒதுக்கிய பங்கில் பாதியை ஏழைக் குடும்பங்களின் கையில் நேரடியாகப் பணம் சேர்க்கும் கிவ்டைரக்ட்லிக்குக் கொடுக்கிறேன். அவர்கள் கென்யாவில் கொடுத்த பணத்தைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று, ஒவ்வொரு டாலருக்கும் உள்ளூர்ப் பொருளாதாரம் ஏறக்குறைய இரண்டரை டாலர் வளர்ந்ததாகக் கண்டது. என்ன தேவை என்று அந்தக் குடும்பமே முடிவு செய்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேறு எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும், இந்தப் பணத்தை அவர்கள் கையிலேயே கொடுத்திருந்தால் இதைவிட நன்றாகச் செலவாகியிருக்குமா என்று இப்போது கேட்டுப் பார்க்கிறேன். குடிநீரைப் பொறுத்தவரை, ஆழ்துளை போடுவது ஒரு குடும்பத்தால் தனியாக ஆகிற காரியம் இல்லை என்பதால் மீதிப் பாதி அங்கேயே தொடர்கிறது. அந்த அமைப்பு இந்த ஆண்டு புதுப் பம்புகளைக் குறைத்துக்கொண்டு இரண்டாவது மெக்கானிக்கை வேலைக்கு எடுக்கப்போகிறது.