டோயிங் பெல்ட்டில் எழுதியிருந்த '5 டன்'

ஐப்பசி மழையில் நனைந்த கரிசல் காட்டுக்குள் காரை இறக்கக் கூடாது என்பது விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும், தெரிந்தே இறக்கினேன். நான்கு சக்கரமும் பாதி புதைந்த பிறகு மச்சான் டிராக்டரோடு வந்தார். என்னிடம் இணையத்தில் வாங்கிய மஞ்சள் பெல்ட் ஒன்று இருந்தது; இரு முனைகளிலும் இரும்புக் கொக்கி, உறையின் மேல் '5 டன்' என்ற கொட்டை எழுத்து. டிராக்டர் ஒரு வெட்டு வெட்டி இழுத்ததும் அதன் பக்கத்துக் கொக்கி வாய் நிமிர்ந்து கழன்று, கவண்கல்லைப் போல வந்து என் பானெட்டில் இறங்கியது. நான் ஸ்டியரிங்கின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மச்சான் இறங்கி வந்து பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, ஒரு முழம் மேல வந்திருந்தா கண்ணாடிதான்" என்றார். பெல்ட்டில் ஒரு நூல் கூட அறுந்திருக்கவில்லை.

அந்த '5 டன்' எதைக் குறிக்கிறது என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன். அது பெல்ட் அறுந்துபோகும் அளவா, பாதுகாப்பாகச் சுமக்கும் அளவா என்று உறையில் எங்கும் இல்லை. இரண்டுக்கும் உள்ள இடைவெளி சிறியதன்று. கிரேனில் பளு தூக்கும் ஸ்லிங் என்ற பாலியஸ்டர் பட்டைக்கு ஐரோப்பியத் தர விதி ஏழு மடங்கு பாதுகாப்பு கேட்கிறது. அதாவது 5 டன் என்று குறித்த சிவப்பு ஸ்லிங், 35 டன் வரை அறாமல் தாங்க வேண்டும். அதே விதிப்படி அதில் தைத்திருக்கும் சீட்டின் நிறமே இழை இன்னதென்று சொல்லிவிடும்: நீலம் என்றால் பாலியஸ்டர், பச்சை என்றால் நைலான், பழுப்பு என்றால் பாலிபுரோப்பிலீன். என் மஞ்சள் பெல்ட்டில் சீட்டே இல்லை. இழையின் பெயரும் அறும் அளவும் இல்லாத பெல்ட்டை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் இனித் தொடுவதாக இல்லை.

இழை எது என்பதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், எப்படி இழுக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தே அது அமைய வேண்டும். டிராக்டர் கீழ் கியரில் மெல்ல நகர்ந்து இழுப்பதற்கும், பழுதான காரைச் சாலையில் கட்டி இழுத்துச் செல்வதற்கும் அவ்வளவாக நீளாத பாலியஸ்டர் ஏற்றது. இன்னொரு கார் சற்று ஓடிவந்து வெடுக்கென்று இழுக்க வேண்டுமானால், நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை நீண்டு, அந்த விசையைச் சேர்த்து வைத்து மெல்லக் கொடுக்கும் நைலான் பெல்ட்தான் வேண்டும். சங்கிலியையோ பாலியஸ்டரையோ கட்டி ஓடி இழுத்தால், அந்த அடி முழுவதும் இரு வண்டிகளின் சேஸிஸில்தான் விழும்.

நைலான் பெல்ட்டின் அளவுக்கு ஆஸ்திரேலியர்கள் வைத்திருக்கும் கணக்கு எனக்குப் பிடித்தது. இரு வண்டிகளில் எது எடை குறைந்ததோ அதன் மொத்த எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு வரை அறும் அளவு இருக்க வேண்டும் என்பது அது. ஏற்றிய பாரத்தோடு 2,500 கிலோ வரும் வண்டிக்கு 5,000 முதல் 7,500 கிலோ வரை. கடைக்காரர் 'பெரிசாவே வாங்கிக்கோங்க சார்' என்பார். ஆனால் மிகப் பெரிய பெல்ட் சின்ன வண்டிக்கு நீளவே நீளாது, நைலான் வாங்கியதன் பயனே போய்விடும்.

பெல்ட்டை விட மாட்டும் இடம்தான் பெரும்பாலும் முதலில் விட்டுக்கொடுக்கிறது. முனையில் கொக்கி இல்லாமல், துணியையே மடித்துத் தைத்த காதுகள் உள்ள பெல்ட்டை வாங்கி, தாங்கும் எடை பொறித்த ஷேக்கிளால், அதாவது குறுக்கே ஆணி திருகிப் பூட்டும் U வடிவ இரும்பு வளையத்தால், மாட்டுவது நல்லது. பம்பரின் சின்ன மூடியைத் திறந்து திருகி மாட்டுகிறோமே, அந்த வளையம் சமதரையில் நேராக இழுப்பதற்கானது. புதைந்த வண்டியை வெடுக்கென்று பிடுங்குவதற்கு அன்று. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பெல்ட்டை மாட்டுவது அதைவிட மோசம், ஏனெனில் அது முறிந்தால் குண்டாகப் பாய்ந்து வரும். ஆளைக் கொன்றும் இருக்கிறது. நீளம் போதாமல் இரண்டு பெல்ட்டுகளை இணைக்க வேண்டியிருந்தால், முடிச்சும் வேண்டாம், நடுவில் ஷேக்கிளும் வேண்டாம். ஒன்றின் காதில் மற்றதைக் கோத்து, இறுகிப் போகாமல் இருக்க இடையில் ஒரு நாளிதழைச் சுருட்டிச் செருகலாம். நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவிட்டால், ஏதாவது அறுந்தாலும் வீச்சு குறையும்.

இப்போது என் டிக்கியில் 9 மீட்டர் நைலான் பெல்ட் ஒன்று இருக்கிறது. நனைந்தால் நைலானின் வலு குறையும் என்பதாலும், இழைகளுக்குள் புகுந்த மண் உள்ளிருந்தே அரத்தைப் போல அறுக்கும் என்பதாலும், சேற்றில் பட்ட அன்றே அலசி நிழலில் உலர்த்திவிடுகிறேன். பாட்டரி அமிலம் பக்கம் மட்டும் அதை விடுவதில்லை. பழைய மஞ்சள் பெல்ட்டை வேறு யாரும் எடுத்து வண்டியில் மாட்டிவிடாதபடி இரண்டாக வெட்டினேன். மச்சான் அதில் ஒரு துண்டை எடுத்துப்போய் வைக்கோல் கட்டிக்கொண்டிருக்கிறார்.