அம்மாவின் 20 யூனிட்

மூன்று நாளாக அம்மாவின் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. வெறும் வயிற்றில் 130-ஐ ஒட்டியே இருப்பது, மூன்றாம் நாள் காலை 262. "சாப்பாட்டில் ஒன்றும் மாற்றவில்லை, இன்சுலின் ஊசியையும் தவறவிடவில்லையே" என்று கலங்கிப்போனார்.

அன்று மாலை அவர் மருந்து எடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தேன். குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, 20 என்ற கோடு வரை இழுத்து, சிரிஞ்சைச் சுண்டிக் காற்றுக்குமிழியை மேலேற்றினார். கையில் ஒரு பிசகும் இல்லை. கழற்றி வைத்திருந்த மூடியைத்தான் பார்த்தேன். வழக்கமான சிவப்பு இல்லை, ஆரஞ்சு. அந்தச் சிரிஞ்சுகளை வாங்கி வந்தவள் நான்.

குப்பியை விளக்கடியில் பிடித்துப் படித்தேன்: 40 ஐயூ/மிலி, அதாவது ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட். சிரிஞ்சின் மேல் யு-100. ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் கொண்ட மருந்துக்காகப் போட்ட கோடுகள் அவை. அதில் 20 என்பது 0.2 மில்லிலிட்டர். எங்கள் குப்பியிலிருந்து அவ்வளவு எடுத்தால் வருவது 8 யூனிட்தான். மூன்று நாளாக அம்மாவுக்குப் பாதி மருந்துகூடப் போகவில்லை.

தலைகீழாக நடந்திருந்தால்? யு-100 மருந்தை எங்கள் வழக்கமான சிவப்பு மூடி யு-40 சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் அரை மில்லிலிட்டர், அதாவது 50 யூனிட். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

அந்த ஊசியைப் போடவிடவில்லை. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். விட்டுப்போனதை ஈடுகட்டக் கூடுதலாகப் போட வேண்டாம், சரியான சிரிஞ்சில் வழக்கமான அளவே போதும் என்றார். இது தெரியாமல் 262-ஐ மட்டும் சொல்லியிருந்தால் அளவைக் கூட்டி எழுதியிருப்பாரோ என்னவோ.

குப்பியில் இருக்கும் எண் மருந்தின் செறிவு. மருத்துவர் எழுதித் தந்த சீட்டில் இருப்பதுதான் அம்மாவின் அளவு. இவ்வளவு நாள் சீட்டை மட்டுமே படித்து வந்திருக்கிறோம். அதிலும் 'யு' என்று ஒற்றை எழுத்தில் எழுதுவது எனக்குப் பயம். ஆங்கிலத்தில் அது சுழியம் போலவே தெரியும், 4 யூனிட் 40 ஆகிவிடும். 'யூனிட்' என்று முழுதாக எழுதித் தரும்படி இப்போது கேட்டு வாங்குகிறேன்.

புதுக் குப்பியைத் திறந்தால் அம்மா அதன் மேல் தேதி எழுதுகிறார். எங்கள் மருந்தைத் திறந்தபின் 28 நாள்தான் வைத்துக்கொள்ளலாம். ஊசிக்கு முன் குப்பியையும் சிரிஞ்சையும் அருகருகே பிடித்து, "இதில் நாற்பது, இதிலும் நாற்பது" என்று வாய்விட்டுச் சொல்கிறார். அடுத்த அறையிலிருந்து நான் "சரி" என்ற பிறகுதான் மூடியைக் கழற்றுகிறார்.